சாய்கோவ்ஸ்கியின் 'ஃபிளாரன்ஸ் நினைவு': பெயரில் உள்ள ஊர் இசையில் இருக்கிறதா?

குடந்தை வயலின் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடி, ஏதேனும் ஒரு படைப்பை முழுமையாகக் கேட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். வருபவர்களில் பெரும்பாலோர் கர்நாடக இசையில் ஊறியவர்கள். நாகஸ்வரம், தவில் குடும்பங்களைச் சேர்ந்த பெரியவர்களும் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு, ருஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி இரண்டு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ ஆகியவற்றுக்காக எழுதிய 'சூவெனிர் த ஃபிளோரன்ஸ்' (இத்தாலிய நகரமான 'ஃபிளாரன்ஸின் நினைவு' என்று பொருள்) என்ற படைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அறிமுக உரை என் பொறுப்பில் வந்து சேர்ந்திருக்கிறது. வயலின் கற்பவன் என்பதைத் தவிர எனக்கு அதற்கு வேறு தகுதி இல்லை.

கிடைக்கிற குறிப்புகள் எல்லாம் 'இத்தாலியப் பயணத்தின் தூண்டுதலால் எழுதப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. ஆனால் கேட்டுப் பார்த்தால் அந்த வரி பொருந்தவில்லை. இரண்டாம் பகுதியில் வரும் இனிமையான பாட்டை இத்தாலி என்று ஒப்புக்கொள்ளலாம். மூன்றாம், நான்காம் பகுதிகளோ ருஷ்யக் கிராமத்து ஆட்டம் போலவே என் காதில் விழுகின்றன. முதல் பகுதியின் ஆவேசத்துக்கும் ஃபிளாரன்ஸுக்கும் என்ன தொடர்பு என்றே தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், "ஊர்ப் பேரைச் சொன்னாயே தம்பி, ஊர் எங்கே?" என்று முதல் கேள்வியை அவர்தான் கேட்பார். அவருக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: சுருதிப் பெட்டியும் மிருதங்கமும் இல்லாமல் ஆறு தந்தி வாத்தியங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது, நம் பக்கத்துக் காது எதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆரூரான் எழுதியது:

உங்கள் பெரியவரின் கேள்விக்கு வரலாற்றிலேயே பாதி விடை இருக்கிறது. சாய்கோவ்ஸ்கி 1890 ஜனவரி இறுதியில் ஃபிளாரன்ஸுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. தொந்தரவு இல்லாத ஓரிடத்தில் உட்கார்ந்து 'ஸ்பேட் ராணி' என்ற இசை நாடகத்தை எழுதி முடிக்கத்தான் போனார். அந்த நாடகம் முழுவதையும் 44 நாட்களில் அங்கே வரைவாக எழுதினார் என்றால், ஆர்னோ ஆற்றங்கரையில் உலாவ அவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த வேலைக்கு நடுவில் அவர் குறித்து வைத்த ஒரு மெட்டுதான் பிற்பாடு நம்முடைய படைப்பின் இரண்டாம் பகுதியில் இடம்பெற்றது. படைப்பின் பெயருக்கு நேரடியான காரணம் அந்த ஒரு மெட்டு மட்டுமே.

மற்றதெல்லாம் ஊர் திரும்பிய பிறகு எழுதப்பட்டவை. மாஸ்கோவுக்கு வடமேற்கே, க்ளின் என்ற ஊருக்கு அருகில் ஃப்ரோலோவ்ஸ்கோயே என்ற கிராமத்தில் அவர் அப்போது வாடகைக்கு ஒரு வீடு வைத்திருந்தார். அந்த வீட்டைச் சுற்றியிருந்த காடுதான் அவருக்கு அங்கே பிடித்த விஷயம். இத்தாலியிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது அந்தக் காட்டை முழுவதுமாக வெட்டிவிட்டிருந்தார்கள். தம்பி மொதெஸ்துக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்லி வருந்தியிருக்கிறார். மரங்கள் போன அந்த இடத்தில் அமர்ந்துதான் 1890 ஜூன் மாதத்தில் இந்தப் படைப்பைத் தொடங்கிச் சில வாரங்களில் வரைவை முடித்தார். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, இத்தாலிய வெயிலில் எழுதிய இசை என்று உங்கள் உரையில் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

ஏன் ஆறு பேர் என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் அறை இசைச் சங்கம் (சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் இசைக்கான சங்கம்) 1886-இல் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. அதற்குப் பதில் மரியாதையாக ஒரு படைப்பைத் தர ஒப்புக்கொண்டு, 1887-இலேயே தொடங்கிப் பார்த்துக் கைவிட்டார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் எடுத்தபோதும் எளிதாக இல்லை. கற்பனைக்குப் பஞ்சம் இல்லை, வடிவம்தான் புதிது என்றும், தனித்தனியே இயங்குகிற, ஆனால் ஒரே குணமுடைய ஆறு குரல்களைக் கையாள்வது மிகக் கடினமாக இருக்கிறது என்றும் தம்பிக்கு எழுதினார். பெரிய வாத்தியக் குழுவுக்கான இசையை எழுதிவிட்டு அதை ஆறு பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறோமோ என்ற சந்தேகமும் அவரை விடாமல் துரத்தியது. 1890 இறுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாசிக்கக் கேட்ட பிறகு அவருக்கே திருப்தி இல்லை. 1891 டிசம்பரிலும் 1892 ஜனவரியிலும் உட்கார்ந்து திருத்தினார். இன்று நாம் கேட்பது அந்தத் திருத்திய வடிவம். சங்கத்துக்கே அதைச் சமர்ப்பணம் செய்தார்.

இனி என் சொந்தக் கருத்து. ஓர் ஊரின் இசையை அப்படியே எடுத்துக் கையாள வேண்டும் என்று நினைத்தால் சாய்கோவ்ஸ்கிக்கு அது நன்றாகவே தெரியும். 1878-இல் இதே ஃபிளாரன்ஸ் தெருவில் ஒரு சிறுவன் பாடக் கேட்டு, அந்தப் பாட்டைத் தம்முடைய 38ஆம் படைப்பான பாடல் தொகுப்பின் கடைசிப் பாடலாக, 'பிம்பினெல்லா' என்ற பெயரில் சேர்த்துக்கொண்டார். 1880-இல் ரோமில் தங்கியிருந்தபோது விடுதிக்குப் பக்கத்துப் படைமுகாமில் ஊதிய எக்காளத்தையும், தெருவில் கேட்ட பாட்டுகளையும் கொண்டு 'இத்தாலியக் காப்ரிச்சியோ' என்ற பெருங்குழுப் படைப்பைக் கட்டினார். அவை பயணியின் இசை. கேட்டதைக் கேட்டபடி கொண்டு வந்தவை. 'ஃபிளாரன்ஸ் நினைவு' அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. இதில் தெருப்பாட்டு எதுவும் இல்லை, மணியோசை இல்லை, எக்காளம் இல்லை. ஊர் திரும்பியவர் தம் பாஷையிலேயே பேசுகிறார்; நடுவில் ஒரே ஓர் இடத்தில் குரல் கனிகிறது. ஆகவே பெரியவரிடம், "ஊர் இரண்டாம் பகுதியில் மட்டும் இருக்கிறது ஐயா, மற்ற மூன்றிலும் இருப்பது ஊருக்குப் போய்விட்டு வந்த ஆள்" என்று சொல்லிவிடுங்கள்.

மாயவரம் வியோலா எழுதியது:

ஆரூரான் அவர்கள் சரித்திரத்தைச் சொல்லிவிட்டதால் நான் கேட்கும் வழியை மட்டும் சொல்கிறேன். பல ஆண்டுகள் சென்னையில் திரைப்பட ஒலிப்பதிவுகளில் வியோலா வாசித்துவிட்டு இப்போது மயிலாடுதுறையில் இருக்கிறேன். ஒலிப்பதிவுக் கூடங்களில் வியோலாக்காரனுக்குப் பெரும்பாலும் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பதே வேலை. அப்படிப்பட்டவனுக்கு இந்தப் படைப்பு எப்படிப்பட்ட விருந்து என்பதை வாசித்தவர்கள் அறிவார்கள்.

முதல் பகுதி டி மைனரில் இருக்கிறது. டி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் கேட்பவை கீரவாணியின் ஸ்வரங்கள் என்று உங்கள் கூட்டத்தில் சொல்லலாம். ஆனால் நம் கச்சேரியில் போல ஸட்ஜத்தை நிலைநிறுத்திவிட்டு அவர் தொடங்குவதில்லை. முன்னுரை எதுவும் இல்லாமல், பஞ்சமத்தின் மேல் கட்டப்பட்ட இறுக்கமான ஒரு கார்டோடு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்களின் கூட்டு), கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடுகிறார். உங்கள் ரசிகர்கள் ஸட்ஜத்தைத் தேடுவார்கள். அந்தத் தேடலைத்தான் இசையமைப்பாளரும் விரும்பினார் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் தடுமாற மாட்டார்கள். இதைச் சொன்ன கையோடு ஓர் எச்சரிக்கையும் தர வேண்டும். கீரவாணி என்று சொன்னது அடையாளத்துக்கு மட்டுமே. கமகத்தையோ ராக சஞ்சாரத்தையோ எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் ஆதார ஸட்ஜமே இந்த இசையில் அடிக்கடி இடம் மாறிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் பகுதிதான் எல்லோரும் பேசுவது. டி மேஜர், அதாவது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். ஆறு பேரும் சேர்ந்து மெதுவாக ஒரு கோவில் வாசலைத் திறப்பது போன்ற சிறிய முன்னுரை முடிந்ததும், கீழே உள்ளவர்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு அட்சரத்துக்கும் மூன்று மூன்றாக, திஸ்ர நடையில் அந்தச் சுண்டல் போய்க்கொண்டிருக்க, அதன் மேல் முதல் வயலின் அந்த ஃபிளாரன்ஸ் மெட்டைப் பாடுகிறது. இரவில் ஜன்னலுக்குக் கீழே கிதார் மீட்டிக்கொண்டு பாடும் இத்தாலிய வழக்கத்தை இது நினைவூட்டுகிறது என்பார்கள். சுண்டும் ஒலிதான் அதற்குக் காரணம். சிறிது நேரத்தில் முதல் செல்லோ வந்து வயலினோடு பேசத் தொடங்குகிறது. அந்த இடத்தில் மற்ற நால்வரையும் மறந்துவிட்டு இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். வயலின் ஒரு சொற்றொடரை முடிக்கும் மூச்சில் செல்லோ எடுத்துக்கொள்கிறது. நாகஸ்வரத்தில் இருவர் மாற்றி மாற்றி வாசிக்கும் நயம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இராது.

பிறகு நடுவில் எல்லாம் மாறிவிடுகிறது. ஆறு பேரும் வில்லின் நுனியை மட்டும் பயன்படுத்தி, ஒரே தாளக்கட்டில், சன்னமான, வேகமான ஸ்வரங்களை வாசிக்க வேண்டும். நுனியில் வில்லுக்குக் கனம் இராது. கையின் எடை அங்கே எட்டாது. ஆள்காட்டி விரலால் சிறிது அழுத்தினால் ஒலி கரகரக்கும், விட்டுவிட்டால் வில் தந்தியைத் தொடாமல் நழுவும். வயலின் மாணவராகிய நீங்கள் உங்கள் வயலினிலேயே இதை முயன்று பாருங்கள்: வில்லின் கடைசி இரண்டு அங்குலத்தில், மாடிக்குக் கீழே இருப்பவருக்குக் கேட்காத அளவு ஒலியில், விரைவாக. ஆறு பேர் ஒரே மூச்சில் அப்படி வாசித்து, திடீரென ஒலியைப் பெருக்கி, உடனே அடக்குவது எவ்வளவு கடினம் என்பது புரிந்துவிடும். அந்த நடுப்பகுதியில் மெட்டு என்று ஒன்று கிடையாது. காற்று மட்டும்தான். என்னைக் கேட்டால், அந்த மெட்டைவிட இந்த இடம்தான் மேதையின் கை தெரிகிற இடம்.

மூன்றாம் பகுதி ஏ மைனர். முதல் வியோலாதான் மெட்டைத் தொடங்குகிறது. நான் பாரபட்சத்தோடு சொல்கிறேன் என்று யாரும் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே சுருதி சேர்க்கப்படும் வாத்தியம் அது. நடுத்தர வயதுக்காரரின் சாரீரம் போல அதன் ஒலி இருக்கும். ருஷ்ய நாட்டுப்பாடலின் சாயல் உள்ள இந்த மெட்டுக்கு வேறு எந்த வாத்தியமும் பொருந்தாது. நான்காம் பகுதி ஆட்டத்தில் தொடங்கி, 'ஃபியூக்' என்ற வடிவத்துக்குள் போகிறது. ஒருவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்க, அவர் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்தவர் அதே வாக்கியத்தை வேறு ஸ்தாயியில் எடுக்க, பிறகு மூன்றாமவர் எடுக்க, இப்படியே ஆறு குரலும் பின்னிக்கொள்ளும் முறை அது. தாம் எழுதிய அந்த ஃபியூக்கைப் பற்றி சாய்கோவ்ஸ்கிக்கே பெருமை. தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அதை மறைக்கவில்லை.

தஞ்சை மேலவீதி எழுதியது:

நல்ல விவாதம். சரபோஜி மன்னர் காலத்திலேயே (1798–1832) அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழு வைத்திருந்த ஊரில் இருந்துகொண்டு நான் ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியாது.

பயணத்துக்கும் இசைக்கும் உள்ள உறவை நம் ரசிகர்களுக்கு விளக்க ஃபிளாரன்ஸ் வரை போக வேண்டியதில்லை. திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீக்ஷிதர் இளமையில் சிதம்பரநாத யோகியோடு காசிக்குச் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தவர். திரும்பி வந்து காவிரிக் கரைத் திருவானைக்காவில் உள்ள ஜம்புகேஸ்வரர் மேல் அவர் செய்த 'ஜம்பூபதே' கீர்த்தனை யமுனா கல்யாணி ராகத்தில் இருக்கிறது. அதாவது கங்கைக் கரையின் வாசனை படிந்த ராகத்தில் காவிரிக் கரைச் சிவனைப் பாடியிருக்கிறார். அவருடைய 'சேத ஸ்ரீ பாலகிருஷ்ணம்' கீர்த்தனை இருக்கும் த்விஜாவந்தி ராகமும் அப்படி வடக்கோடு உறவுடையதுதான். காசியைப் பற்றிப் பாட்டெழுதி நினைவைச் சொல்வதற்கும், ஊர்ச் சாமியைப் பாடும்போது காசி தானாக வந்து ஒட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆரூரான் அவர்கள் சாய்கோவ்ஸ்கியைப் பற்றிச் சொல்வதும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. கும்பகோணத்துக் கூட்டத்தில் இந்த உதாரணத்தை முதலில் சொல்லிவிட்டால், பெரியவரின் கேள்வி எழுவதற்கு முன்பே பாதி அடங்கிவிடும்.

ஆரூரான் எழுதியது:

மேலவீதியார் சொன்னது அழகாக இருக்கிறது; ஊர்க்காரர் பெயர் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியும் கூட. ஆனாலும் இந்த ஒப்புமையை அளவோடு பயன்படுத்த வேண்டும் என்று கருதுகிறேன். தீக்ஷிதர் கீர்த்தனையில் சாகித்யம் இருக்கிறது. தலத்தின் பெயர், மூர்த்தியின் பெயர், சில சமயம் ராகத்தின் பெயர்கூட எழுத்திலேயே பதிந்து கிடக்கும். ராகம் எங்கிருந்து வந்தாலும் பாட்டு எந்த ஊருடையது என்பதில் கேட்பவருக்கு ஐயமே எழாது. சாய்கோவ்ஸ்கியிடம் சொல் இல்லை. தலைப்பில் உள்ள ஒரு பெயர்தான் உள்ளது. அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஒருவருக்குப் போட்டுக் காட்டினால் அவர் ஃபிளாரன்ஸ் என்று சொல்லப்போவதில்லை. காவிரிக் கரைச் சிவனைப் பாடும்போது வடநாட்டு ராகம் வந்தது தீக்ஷிதரிடம். இங்கே நடந்தது கிட்டத்தட்ட நேர் எதிர்: வெளியூரின் பெயரைத் தாங்கிய படைப்புக்குள் சொந்த ஊரின் ஆட்டமும் பாட்டும் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஒரு துணுக்குச் செய்தியையும் சேர்க்கிறேன். ஃபிளாரன்ஸ் அவருக்கு 1890-இன் ஊர் மட்டும் அல்ல. 1878 குளிர்காலத்தில், அவரை ஆதரித்துவந்த நதேழ்தா ஃபான் மெக் அம்மையார் அவருக்காக அங்கே வில்லா போஞ்சியானி என்ற வீட்டை ஏற்பாடு செய்து, தாமும் சிறிது தூரத்தில் வேறொரு மாளிகையில் தங்கியிருந்தார். இருவரும் நேரில் சந்திப்பதில்லை என்ற ஒப்பந்தத்தோடு, அவ்வளவு அருகில் இருந்தும் கடிதத்திலேயே பேசிக்கொண்டார்கள். 1890 கோடையில் இந்த ஆறு தந்தி வாத்தியப் படைப்பைப் பற்றி அவருக்கு ஆசையோடு எழுதிய சாய்கோவ்ஸ்கிக்கு, அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் உதவித் தொகை நின்றுவிட்டது என்ற செய்திதான் வந்தது. இரண்டாம் பகுதியில் வயலினும் செல்லோவும் பேசிக்கொள்வதை இந்த உறவோடு முடிச்சுப் போட்டு எழுதுபவர்களும் உண்டு. எனக்கு அது கதை கட்டுவதாகவே படுகிறது. உரையில் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

குடந்தை வயலின் எழுதியது:

மூவருக்கும் மிகுந்த நன்றி. வில்லின் நுனியில் வாசித்துப் பார்த்தேன். தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் நம் முறையில் நுனி வரை வில்லை நீட்டும்போது முழங்கை முழுவதும் விரிந்துவிடுகிறது. நான்கு ஸ்வரம் தெளிவாக வந்தால் ஐந்தாவது தேய்ந்துவிடுகிறது. ஆறு பேர் அதை ஒன்றாகச் செய்கிறார்கள் என்பதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியே சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. பெரிய தந்தி வாத்தியக் குழு வாசித்த பதிவுகளும் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஒலி நிறைவாக இருக்கிறது. எதைப் போடுவது? அடுத்து, நேரம் குறைவாக இருந்தால் இரண்டாம் பகுதியை மட்டும் போடலாமா?

மாயவரம் வியோலா எழுதியது:

ஆறு பேர் வாசித்ததையே போடுங்கள். பெருங்குழு வாசிக்கும்போது ஒவ்வொரு குரலையும் பலர் சேர்ந்து வாசிப்பதால் ஒலி மெழுகினாற்போல் வழவழப்பாகிவிடும். இரண்டு வியோலாக்களும் தனித்தனி ஆட்கள் என்பதே தெரியாமல் போய்விடும். தனித்தனியே இயங்கும் ஆறு குரல்களுக்காகத்தான் அந்த மனிதர் அத்தனை பாடுபட்டார். பெருங்குழு இசையை எழுதிவிடுவோமோ என்று அவர் பயந்ததாக ஆரூரான் அவர்கள் மேலே குறிப்பிட்டிருக்கிறார். பெருங்குழுப் பதிவைப் போட்டால் அவர் பயந்ததை நாமே நிறைவேற்றி வைத்ததாகிவிடும். போரோதின் நால்வர் குழுவோடு இன்னொரு வியோலாக் கலைஞரும் செல்லோ மேதை ரஸ்த்ரபோவிச்சும் சேர்ந்து வாசித்த பழைய பதிவு ஒன்று இருக்கிறது. கரடுமுரடாக இருக்கும், ஆனால் ஆறு ஆட்களும் காதில் விழுவார்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த படைப்பு என்பதால் ஸ்வரத் தாளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டாம் பகுதியின் நடுப்பக்கத்தை அச்செடுத்துப் பெரியவர்கள் கையில் கொடுத்தால், படிக்கத் தெரியாவிட்டாலும் ஆறு வரியும் ஒரே அச்சாக ஓடுவதைக் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாம் பகுதியை மட்டும் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. முழுப் படைப்பும் ஏறத்தாழ 35 நிமிடம்தான். ஒரு ராகம் தானம் பல்லவிக்குப் பொறுமையாக உட்காருபவர்களுக்கு இது ஒரு நேரமே அல்ல. முதல் பகுதியின் ஆவேசத்தைக் கேட்காதவருக்கு இரண்டாம் பகுதியின் குளிர்ச்சி வெறும் இனிமையாக மட்டும் தெரியும். நேரம் போதாவிட்டால் முதல் இரண்டு பகுதிகளைப் போட்டுவிட்டு, மற்ற இரண்டை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி முடிவில் வேகம் ஏறிக்கொண்டே போய் நிற்கும். அங்கே உங்கள் கூட்டத்தில் யாரேனும் கை தட்டுவார்கள். பகுதிகளுக்கு நடுவில் தட்டக்கூடாது என்ற வழக்கத்தைச் சொல்லி அவர்களைத் தடுக்காதீர்கள். ஒலிபெருக்கி இரண்டு இருந்தால் இடைவெளி விட்டு வையுங்கள். இரண்டு செல்லோக்களும் பிரிந்து கேட்கும்.